ஒண்டிக்கட்டையின் மீதிக் கதை

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, இடைப்பட்ட பொழுதில் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே முதல் இரண்டையாவது ஒழுங்காகச் செய்கிறாய் என்று நம்புகிறேன். மூன்றாவதைத் தொலைபேசியிலேயே நன்றாகச் செய்கிறாள் என்கிறாள் உன் அம்மா. இது அவள் சொன்னது, நான் சொன்னதில்லை, ஆனால் பேனா அவள் கையில் இருக்கிறது, என்ன செய்ய. ஏன் கடிதம், ஒரு போன் போட்டால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் ‘அப்பா, மீட்டிங்’ என்று விடுவாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. நீ எப்போது பிரித்தாலும் நான் முழுசாக உட்கார்ந்திருப்பேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணன் ஊரில் உள்ள லிஃப்ட்டுகளையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறான், நம் கட்டடத்து லிஃப்ட் மட்டும் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. கேட்டால், அது வேற கம்பெனி லிஃப்ட்டுப்பா, அவங்க ஆளுதான் தொடணும், நான் கை வச்சா என் வேலை போயிடும் என்கிறான். உன் அண்ணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், வீட்டு மிக்ஸியும் வேற கம்பெனிங்கறதாலதான் தொட மாட்டேங்கறீங்களா என்று ஒரு போடு போட்டாள். ரோஷம் வந்து அன்றைக்கே மிக்ஸியைக் கழற்றிப் பரப்பினான். இன்னும் மாட்டவில்லை. அவள் இப்போது அரைக்க வேண்டியதையெல்லாம் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறாள், அதுவும் நான்கு மாடி ஏறி. வந்த களைப்பில் அவள் உட்கார, நான் அரைக்க, நீ கொடுத்துவைத்தவள், தூரத்தில் இருக்கிறாய். மேல் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கையோடு கீபோர்டு கற்றுக்கொள்கிறார். ஒரே பாட்டுதான். நன்றாகத்தான் போகும், ஒரு இடம் வந்ததும் நின்றுவிடும். அடுத்த கட்டை எது என்று அவர் தேடுகிற நேரத்தில் இங்கே எங்களுக்கு மூச்சு முட்டும். உன் அம்மா ஒருநாள் தாங்க முடியாமல் ஜன்னல் வழியாக மீதியைப் பாடியே காட்டிவிட்டாள். மறுநாள் அவர் வந்து, அம்மா, அது தப்பு, நீங்க பாடினது வேற பாட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உன் அம்மா என் தட்டில் மட்டும் குறைக்கிறாள். அவள் தண்ணீர் எடுக்க எழுந்திருக்கும்போது நான் தட்டை மாற்றி வைத்துவிடுகிறேன். இதை அவளே எழுதும்படி ஆகிவிட்டது. இனி நடக்காது.

இப்போது நீ அனுப்பிய நாவல் கட்டு. கொண்டுவந்தவன் இரண்டாவது மாடி வரைக்கும் ஏறிவிட்டு அங்கிருந்தே, பெரியவரே, கீழ வந்து வாங்கிக்கங்க, இதுக்கு மேல ஏறினா நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் என்று கத்தினான். நான் இறங்கிப் போய் வாங்கினேன். பிறந்த குழந்தை கனம் இருந்தது. கூட நீ வைத்திருந்த சீட்டை அம்மா வாசித்தாள். நாவல் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, அதற்குள் அப்பா கேட்டு, அவர் உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிப் பார்த்த கண்ணாடி துடைக்கிற வேலை சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும், அது மட்டும் போதும், வேறு அபிப்பிராயம் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே கோடு போட்டு, டீச்சரம்மாவிடம் காட்டவே கூடாது என்றும் எழுதியிருந்தாய். உன் அம்மா அந்தக் கோட்டை எனக்கு விரலால் தொட்டுக் காட்டினாள். காகிதமே கொஞ்சம் கிழிந்திருந்தது.

தினமும் மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவள் வாசித்தாள், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தூங்குகிறேன் என்று அவளுக்குச் சந்தேகம். நடுவில் நிறுத்தி, இப்ப என்ன சொன்னேன் சொல்லுங்க என்பாள். நான் அந்தப் பக்கத்தை முழுசாகத் திருப்பிச் சொல்வேன், அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேலே வாசிப்பாள். நீ உன் ஆளுக்குப் பெயரே வைக்கவில்லை. அவன் வந்தான், அவன் போனான் என்று முந்நூறு பக்கம். எந்த அவன் என்று எங்களுக்குக் குழப்பமாகிவிட்டது. ஆகவே நாங்களே அவனுக்கு ஒண்டிக்கட்டை என்று பெயர் வைத்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே, மூன்றாம் நாளிலேயே அவன் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டான். மழை வந்தால் உன் அம்மா, ஐயோ ஒண்டிக்கட்டை இன்னிக்கு வேலைக்குப் போயிருப்பானா என்கிறாள். அண்ணி வந்தால் முதல் கேள்வி, ஒண்டிக்கட்டை என்ன ஆனான் என்பதுதான். ஒரு நாள் மட்டும் எனக்கு இடறியது. ஆறாவது மாடி ஜன்னல் வழியாக அந்தக் கணக்கெழுதும் பெண் அவனை உள்ளே கூப்பிடுகிறாள், அடுத்த வரியில் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறான். பொத்தான் எப்போது திறந்தது என்று கேட்டேன். காத்துல என்றாள் உன் அம்மா. மூடின அறைக்குள்ள ஏதுடி காத்து என்று கேட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டு தாள்களை ஒன்றாகப் புரட்டியிருக்கிறாள். இதை எழுதும்போதுகூட அவள் முகம் சிவந்துதான் இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை பெரும்பாலும் சரியாக இருக்கிறது. பலகையில் உட்கார்ந்ததும் முதலில் தொடைதான் மரத்துப்போகும் என்று எழுதியிருக்கிறாய், உண்மை. வெளியே தொங்குகிறவனை உள்ளே இருப்பவர்கள் முதல் நாள் பார்ப்பார்கள், இரண்டாம் நாள் அவன் இல்லாதது போல மூக்கை நோண்டுவார்கள் என்று எழுதியிருக்கிறாய், அதற்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். தப்பு என்று பார்த்தால், நாலாவது அத்தியாயத்தில் அவன் கீழிருந்து மேலே துடைத்துக்கொண்டு போகிறான். மேலே வழிக்கிற சோப்புத் தண்ணீர் எங்கே போகும், கீழே அவன் துடைத்த இடத்தில்தானே வழியும். எப்போதும் மேலிருந்து கீழே. அதோடு அவன் சட்டை முதல் பக்கத்தில் நீலம், நனைந்ததும் பச்சையாகிவிட்டது, என்ன சாயம் அது என்று தெரியவில்லை. பார்த்துக்கொள். இவ்வளவுதான் சின்னத் தப்பு.

பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அது வேலை சம்பந்தப்பட்டதுதான், ஆகவே வேறு அபிப்பிராயம் என்று நீ சொல்ல முடியாது. உன் ஒண்டிக்கட்டை முதல் நாளே தனியாக மொட்டை மாடிக்கு ஏறி, தனியாகக் கயிறு கட்டி, தனியாக இறங்குகிறான். கடைசி நாளிலும் அப்படியே. முந்நூறு பக்கத்தில் அவன் கயிற்றை வேறு ஒரு கை தொடவில்லை. இது எங்கள் வேலையில் நடக்காது. நடந்தால் அந்தக் கதை முந்நூறு பக்கம் ஓடாது, மூன்றாம் பக்கத்தில் முடிந்துவிடும்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும், பாப்பா. டீச்சரம்மாவோடு நடந்தது எனக்கு அத்துப்படி. நீ எட்டாம் வகுப்பு படித்தபோது உன் கட்டுரைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, இதை யாரு எழுதிக் கொடுத்தது என்று அதட்டியவர் அவர். உன் அம்மாவைக் காட்டி, எங்க வீட்டுப் பெரியவங்கள்ல எழுதத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான், இவ ஆஸ்பத்திரியில சீட்டு எழுதறவ, இவ எழுதியிருந்தா ஒரு வேளைக்கு ரெண்டு மாத்திரைன்னு முடிச்சிருப்பா என்று நான் சொன்னேன். அவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நீ எழுதியது எல்லாம் முதலில் அவர் கைக்குத்தான் போயிற்று. உன் முதல் புத்தகத்தில் பாதிக் கதைகளின் முடிவை அவர் மாற்றினார், நீயும் மாற்ற விட்டாய். புத்தக வெளியீட்டுக் கூட்டத்தில் எவனோ ஒருத்தன் மைக்கைப் பிடித்து, இதில் டீச்சரின் கைதான் தெரிகிறது, இந்தப் பெண்ணின் கை எங்கே என்று கேட்டான். நீ மேடையில் சிரித்தாய். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாய். எனக்குக் காது நல்ல காது. அதன் பிறகு இந்த நாவலைப் பற்றிப் போனில் சொன்னபோது அவர், அவனுக்கு வேலை யாரு கத்துக்குடுத்தா என்று கேட்டாராம். நீ யாரும் இல்லை என்றாயாம். அப்ப வானத்துலேர்ந்து வாளியோட இறங்கினானா என்று கேட்டாராம். அன்றைக்குப் போனை வைத்தவள்தான் நீ. வருஷம் ஒன்றாகிறது. நீ கோபப்பட்டதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. உன் கையை உன் கை என்று ஊர் சொல்ல வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தை எடுத்து ஒரு கண்ணாடி துடைக்கிறவனுக்குச் சட்டையாகப் போட்டிருக்கிறாய். அவன் தோளுக்கு அது பொருந்தவில்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒண்டிக்கட்டை, கூலி கொடுக்க மட்டும் வருகிற மேஸ்திரியின் காலடியில் கயிற்றை வீசி, உங்க கயிறு உங்களுக்கு, என் வழி எனக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறானே, அது நான் என் பழைய மேஸ்திரி குட்டையனிடம் சொன்னது. ஒரு சொல் மாறவில்லை. உன் அம்மா வாசித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் விளங்கியது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தினமும் படுக்கையில் அந்தக் கதையைக் கேட்பாய். அப்பா குட்டையனோட சண்டை போட்டது சொல்லு என்பாய். நான் கயிற்றை வீசுகிற இடம் வரும்போது கை தட்டுவாய். அடுத்த வரிக்கு நான் மூச்சு இழுப்பதற்குள் தூங்கிவிடுவாய். ஒருநாள்கூட நீ மீதியைக் கேட்டதில்லை. பாதிக் கதையைக் கேட்டுத் தூங்கினவள், வளர்ந்து அந்தப் பாதியை வைத்து முந்நூறு பக்கம் எழுதிவிட்டாய். மீதியை இப்போது சொல்கிறேன், தூங்காதே.

குட்டையன் என்னைவிட நாலு வயசு சின்னவன். உயரமும் என் தோள் வரைக்கும்தான். நான் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்து, கல்யாணமும் ஆன பிறகு இந்த வேலைக்கு வந்தவன். அவனோ மீசை முளைக்கும் முன்பே கயிற்றில் தொங்க ஆரம்பித்தவன். ஆகவே அவன் மேஸ்திரி, நான் கற்றுக்கொள்கிறவன். வயசுக்கு மரியாதை கொடுத்து அண்ணே என்றுதான் கூப்பிடுவான், அந்த அண்ணேவுக்குப் பின்னால் வருகிற திட்டு அண்ணனுக்கு உரியதாக இருக்காது. அண்ணே, உங்க மூளைய மார்க்கெட்டுலயே விட்டுட்டு வந்தீங்களா, போய் எடுத்துக்கிட்டு வாங்க, நான் இங்கயே நிக்கறேன் என்பான். அவன் யாருக்கும் முடிச்சுப் போட்டுத் தர மாட்டான். ஒரு தடவை போட்டுக் காட்டுவான், அவிழ்த்துவிடுவான், பிறகு தொங்கப் போகிறவன்தான் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் இன்னொருத்தன் அதை இழுத்துப் பார்க்க வேண்டும். சும்மா தொட்டுப் பார்ப்பதில்லை, கைப்பிடிச் சுவரில் காலை உதைத்து, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து, கயிற்றோடு சண்டை போடுவது போல இழுப்பது. முடிச்சு நின்றால் ம் என்பான். நிற்காவிட்டால் கயிற்றைத் தூக்கிக் கீழே தெருவில் போட்டுவிடுவான், நாம் படி இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். முதல் வாரம் நான் கண்ணாடி துடைத்ததைவிடப் படி ஏறியதுதான் அதிகம்.

எனக்கு அவன் காட்டிய முடிச்சு கையில் வரவே இல்லை. ஒருநாள் எரிச்சலில், மூட்டை கட்டுகிற என் பழைய முடிச்சைப் போட்டேன். குட்டையன் இழுத்தான், நின்றது. மறுபடி இழுத்தான், நின்றது. வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னான், அப்போதும் நின்றது. இது என் முடிச்சு இல்லையே அண்ணே என்றான். மூட்டை முடிச்சு என்றேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, மூட்டைதானே இறங்கப் போகுது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என்னை அவன் முடிச்சுக்கு மாற்றவில்லை. இது உனக்குத் தெரியாத பாதியில் ஒரு துண்டு.

சண்டை வந்தது முடிச்சால் இல்லை, வெயிலால். வெயில் விழுகிற பக்கத்தில் சோப்புத் தண்ணீர் நிமிஷத்தில் காய்ந்து கோடு விழும், நிழல் எங்கே போகிறதோ அங்கே நாமும் போய்த் துடைக்கலாம் என்பது என் பக்கம். கயிறு மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்தால் பாதி நாள் அதிலேயே போய்விடும், ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் என்பது அவன் பக்கம். இன்றைக்கு யோசித்தாலும் இரண்டும் சரிதான். ஆனால் இரண்டு சரியும் ஒரே மொட்டை மாடியில் நிற்க இடமில்லை. அதனால் கயிற்றை வீசினேன், வந்துவிட்டேன். இரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக வேலை பிடித்தேன், நிழல் போன வழியில் துடைத்தேன், நல்ல பெயர் வந்தது. நான் போனது சரி, இன்றைக்கும் அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. நீ கை தட்டியதும் சரிதான்.

ஆனால் என்னிடம் வேலைக்கு வந்த அந்த இரண்டு பேரும் என்னைத் தலைவரே என்று கூப்பிடுவார்கள். தலைவர் கட்டிய முடிச்சை யார் இழுப்பது? இரண்டு விரலால் தொட்டுவிட்டு, சூப்பர் தலைவரே என்பார்கள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பெரிய கட்டடம். ஒரு பக்கம் குட்டையனுக்கு, மறுபக்கம் எனக்கு, மொட்டை மாடி ஒன்றுதான். இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. எதிரே வந்தால் அவன் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பான், நான் வானத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு நான் புதுசாக நைலான் கயிறு வாங்கியிருந்தேன், வெள்ளை வெளேரென்று, பட்டுப் போல. அதில் என் மூட்டை முடிச்சைப் போட்டேன். சூப்பர் தலைவரே என்றார்கள். சுவரைத் தாண்டி ஒரு காலை வெளியே போட்டுவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து குட்டையன் கையில் டீயோடு வந்தான். டீயைச் சுவர் மேல் வைத்தான், கயிற்றைப் பிடித்தான், காலை உதைத்தான், சாய்ந்தான். முடிச்சு சோப்புக் கட்டி போல வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் மல்லாக்க விழுந்தான், கயிறு அவன் மார்பு மேல் கிடந்தது. பழைய கயிற்றில் நார் நாரைக் கடித்துக்கொண்டு பிடிக்கும். இந்தக் கயிற்றில் கடிக்க ஒன்றும் இல்லை. கயிறு மாறிவிட்டது, என் கை மாறவில்லை, அதைச் சொல்ல என்னிடம் ஆள் இல்லை. விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலே அவன் சொன்னான், அண்ணே, சாகறதா இருந்தா லீவு நாள்ல சாவுங்கண்ணே, இன்னிக்கு எனக்கு வேலை கெடக்குது. எட்டு மாதத்தில் பேசிய முதல் பேச்சு.

இனிமேல்தான் நீ கேட்க வேண்டியது. அவன் முடிச்சைக் கட்டிக்கொள் என்று அவன் அன்றைக்கும் சொல்லவில்லை. எழுந்து தூசு தட்டிக்கொண்டு, கட்டுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றான். நான் என் முடிச்சையே எடுத்து, இரண்டு சுற்று கூட்டி, வால் நுனியை உள்ளே கோத்து மடக்கிப் போட்டேன். இழுத்தான், நின்றது. ம் என்றான். டீ ஆறிப்போச்சு, உங்களாலதான் என்று திட்டிக்கொண்டே போனான். மறுநாள் காலையில் மாடியின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சத்தம், அண்ணே, எங்க பசங்களும் ரெண்டு விரலாலதான் தொடறானுங்க, என்னோடத யாரு இழுக்கறது, வாங்க என்று. போய் இழுத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றாக வேலை பார்க்கவில்லை, அவன் வேலை அவனுக்கு, என் வேலை எனக்கு. வெயிலைப் பற்றிய சண்டை இன்றைக்கும் தீரவில்லை, போனவாரம்கூடப் போனில் போட்டோம். ஆனால் கட்டடம் எதுவானாலும் பக்கத்தில் இருந்தால் ஒருவன் கயிற்றை ஒருவன் இழுக்காமல் இறங்கியதில்லை. இந்த இடத்தில் உன் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, போன தடவை சொன்னப்ப டீ இல்லையே என்கிறாள். டீ அப்போதும் இருந்தது, அவள்தான் சரியாகக் கேட்கவில்லை.

ஒண்டிக்கட்டையை மாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அவன் மேஸ்திரி காலில் விழ வேண்டாம், திரும்பிப் போய்ச் சேர வேண்டாம். வீம்பு பிடித்தவனாகவே இருக்கட்டும், எனக்கு அவனை அப்படித்தான் பிடித்திருக்கிறது. ஆனால் அவனைத் திட்டுவதற்கு ஒரு ஆள் வை. கூட இருக்கிறவனாக வேண்டியதில்லை, டீ குடிக்க அந்தப் பக்கம் வருகிறவனாக இருந்தால் போதும். நாவல் முடிகிற இடத்தில் அவன் ஒன்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டு கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறானே, அது அழகாகத்தான் இருக்கிறது, அம்மா அதை இரண்டு தடவை வாசித்தாள். எனக்கோ கை துறுதுறுத்தது. மேலே அந்தக் கயிறு எப்படிக் கட்டியிருக்கிறது என்று நீ சொல்லவே இல்லை. உனக்கும் அதையே சொல்கிறேன். ஆபீஸில் ஐந்தாறு பேர் படித்துவிட்டு அருமை என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். என்னிடம் இருந்தவர்களும் நல்ல பிள்ளைகள்தான்.

இப்போது ஒரு சங்கதி, படித்துவிட்டு எங்கள் மேல் பாயாதே. போன வியாழக்கிழமை உன் அம்மா மருந்துக் கடையில் டீச்சரம்மாவைப் பார்த்திருக்கிறாள். பாப்பா நாவல் அனுப்பியிருக்கா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வாய் தவறவில்லை, பெருமை தாங்காமல்தான் சொன்னேன் என்று அவளே திருத்துகிறாள். சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் டீச்சரம்மா, லிஃப்ட் இல்லாமல் நான்கு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். கட்டு மேஜை மேல்தான் இருந்தது, ஒளித்துவைக்க நேரமில்லை. அவர் பார்த்துவிட்டார். எத்தனை பக்கங்க என்று கேட்டார். எனக்குக் கனம்தான் தெரியும் டீச்சரம்மா, பக்கம் இவளுக்குத்தான் தெரியும் என்றேன். சிரித்தார். அம்மா டீ கொண்டுவந்து வைத்ததும், சிந்திவிடப் போகிறது என்று தம்ளரை எடுத்து மேஜையின் அந்தக் கோடியில் வைத்தார். கட்டைத் தொடவில்லை. வேறு பேச்சாக என்னென்னமோ பேசினார், கண் மட்டும் அங்கேயே இருந்தது, நாவல்பழத்தைப் பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளை போல. கடைசியில் தாங்க முடியாமல், அவன் எறங்கிட்டானா, அது மட்டும் சொல்லுங்க என்றார். பாப்பா காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கா டீச்சரம்மா, சொன்னா அதுவும் காட்டின மாதிரிதான் என்றேன். எனக்கே என் வாய் கசந்தது. அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது, அப்புறம், அப்படின்னா சொல்லாதீங்க, அவ சரியாத்தான் சொல்லியிருக்கா என்றார். முதல் புத்தகத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்த முடிவெல்லாம் எனக்குப் புடிச்ச மாதிரி மாத்திட்டேங்க, அவளுக்குப் புடிச்சிருந்ததான்னு கேக்கவே இல்ல என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கூடவே இரண்டு மாடி இறங்குகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்.

நாங்கள் இருவரும் அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தெருவிலிருந்து ஒரு கத்தல். வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்திய தொண்டை, நாலாவது மாடிக்குக் கேட்காதா. ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அவகிட்ட சொல்லுங்க, நான் பென்சில் மட்டும்தான் கொண்டுவருவேன், ரப்பர அவளே வச்சுக்கட்டும் என்கிறார். தெருவே திரும்பிப் பார்த்தது. மேல் வீட்டுக்காரர் கீபோர்டை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டார். எழுதிக் கேக்கறோம் டீச்சரம்மா என்று நானும் கத்தினேன்.

இதோ எழுதிக் கேட்டுவிட்டேன். கட்டு இன்னும் மேஜை மேலேயேதான் இருக்கிறது. கொடு என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன், இரண்டு தெரு தள்ளித்தானே. வேண்டாம் என்று சொன்னால் அப்படியே உனக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, பாப்பா ஒத்துக்கலைன்னு அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுவேன். அதுவும் நான்தான் செய்வேன், அம்மாவை அனுப்ப மாட்டேன். எதுவானாலும் மாதக் கடைசிக்கு முன்னால் சொல். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எழுதச் சொன்னேன், உன் அம்மா பேனாவைத் தூக்கிக்கொண்டு, பொய் எழுத மாட்டேன் என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. கழுத்து வலி என்றாயே, அதற்கு நாற்காலியை மாற்று, தைலத்தை மாற்றிப் பிரயோஜனமில்லை. நீலச் சட்டையை மறக்காதே. நீ நினைத்தது நினைத்தபடி கை வந்து, உடம்பும் மனசும் திடமாக, நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
அப்பா
(எழுதியது அம்மா. டீ விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.)